மீன் தொட்டியின் திடக்கழிவு: தீவனத்தாலும் மீன் இனத்தாலும் எவ்வளவு குறையும்?

கேள்வி இதுதான்: பத்து கன மீட்டர் வட்டத் தொட்டி, ராஸ் எனப்படும் சுழற்சி நீர் முறை, உள்ளே சுமார் 300 கிலோ திலேப்பியா. தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கிறது, ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. தீவனத்தை மாற்றினால் கழிவு குறையுமா? கழிவைத் தின்னும் வேறு மீனையோ இறாலையோ கூடவே விட்டால் தொல்லை தீருமா?

முதல் பாதிக்குப் பதில்: குறையும், நன்றாகவே குறையும். இரண்டாவது பாதிக்கு: மண் குளமாக இருந்தால் ஓரளவு உதவும். உங்கள் தொட்டியில் உதவாது, கலங்கலைக் கூட்டிவிடவும் வாய்ப்பு உண்டு.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 300 கிலோ மீனுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 4.5 கிலோ தீவனம். ஈரத்தைக் கழித்தால் சுமார் 4 கிலோ உலர் பொருள். அதில் 75 சதவீதம் செரித்தால் மீதி 1 கிலோ மலமாக வெளியே வரும். உலர்ந்த எடையில்தான் 1 கிலோ. அடியில் தங்கும் கசடில் 95 பங்கு தண்ணீர் என்று வைத்தால் தினம் 20 லிட்டர் கசடு. இதே இடத்தில் 85 சதவீதம் செரிக்கும் தீவனம் போட்டால் மலம் 600 கிராம்தான். செரிமானம் பத்துப் புள்ளிதான் கூடியது, கழிவோ நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. பலர் தீவன மூட்டையில் புரத அளவை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள். 32 சதவீதப் புரதம் என்று அச்சிட்ட இரண்டு மூட்டைகளில் ஒன்று இன்னொன்றைப் போல ஒன்றரை மடங்கு மலத்தைத் தரலாம்.

தீவன மாற்று விகிதத்தையும், அதாவது ஒரு கிலோ மீன் எடை கூட எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்பதையும், சேர்த்துப் பாருங்கள். 100 கிலோ மீன் எடை கூட ஓரிடத்தில் 160 கிலோ தீவனம், இன்னோரிடத்தில் 120 கிலோ. முதலாவதில் 25 சதவீதம் செரிக்காமல் போனால் 40 கிலோ கழிவு. இரண்டாவதில் 15 சதவீதம் போனால் 18 கிலோ. அதே அளவு மீனுக்குப் பாதிக்கும் குறைவு. எந்த ஃபில்டரையும் தொடாமல் கிடைக்கும் லாபம் இது.

ஆனால் அளவைக் குறைப்பது பாதி வேலைதான். மலம் எந்த வடிவில் வெளியே வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். கெட்டியாக, இழையாக வந்து அடியில் விழும் 800 கிராமை எளிதில் அள்ளிவிடலாம். கூழாகக் கரையும் 500 கிராமை அள்ள முடியாது. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் சொன்னால், 100 மைக்ரானுக்கு மேற்பட்ட துணுக்கு படியும். 40 முதல் 100 மைக்ரான் வரை டிரம் ஃபில்டர் எனப்படும் சுழலும் உருளை வலை பிடிக்கும். 30 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். செவுளை உறுத்தும், பாக்டீரியாவுக்கு உணவாகி ஆக்ஸிஜனைத் தின்னும், பயோஃபில்டரில் பாக்டீரியா ஒட்டி வாழும் ஊடகத்தின் மேல் படலமாகப் படிந்து, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் அந்தப் பாக்டீரியாவை மூச்சுத் திணறவைக்கும். நீங்கள் காணும் கலங்கல் பெரும்பாலும் இந்தப் பொடிதான்.

உடைந்த மலத்தால் இன்னொரு நட்டமும் உண்டு. மீன் வெளியேற்றும் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவே போய்விடுகிறது, அதைத் திடக்கழிவை அள்ளிப் பிடிக்க முடியாது. பாஸ்பரஸ் நேரெதிர். அதில் பெரும்பங்கு மலத்தில் இருக்கிறது. மலம் உடைந்து ஊறினால் பாஸ்பரஸ் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கிலேயே தண்ணீருக்குள் கசியத் தொடங்கும். மாலைவரை அடியில் கிடந்த கசடை மாலையில் அள்ளினால் சக்கையை அள்ளுகிறீர்கள், சாறு தண்ணீரில் கலந்துவிட்டது.

இனி தீவனம். மூட்டையைப் பிரித்ததும் செய்யவேண்டிய முதல் சோதனை சல்லடை. ஒரு கிலோவை எடுத்து 1 மில்லிமீட்டர் சல்லடையில் மெதுவாகச் சலியுங்கள். கீழே விழுந்த தூள் 10 கிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தூள் முழுவதும் மீன் வாய்க்குப் போகாமல் நேராகக் கலங்கலாக மாறும். மூட்டையை எறிவது, தீவனத்தைத் தள்ளிக்கொண்டுபோகும் ஆகர் திருகில் அது நீண்டதூரம் பயணம் செய்வது இரண்டுமே தூளைக் கூட்டும். ஆகவே சோதனையைத் தீவனம் விழும் இடத்திலும் ஒருமுறை செய்யுங்கள். அடுத்தது ஒரு டம்ளர் தண்ணீரில் பத்துக் குருணையைப் போட்டு அரைமணி நேரம் விடுவது. திலேப்பியா தீவனம் உருக்குலையாமல் நிற்கவேண்டும். இறால் தீவனம் இரண்டு மணி நேரமாவது தாக்குப்பிடிக்கவேண்டும், ஏனென்றால் இறால் விழுங்காது, கையில் பிடித்துக் கொறிக்கும், கொறிக்கையில் பாதி சிதறும்.

பொருட்கள் பட்டியலில் முதலில் பார்க்கவேண்டியது நார்ச்சத்தும் சாம்பலும். இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே வெளியேறும். தவிடு அதிகம் சேர்த்த மலிவுத் தீவனத்தில் நார்ச்சத்து 8 சதவீதத்தைத் தாண்டும். சுழற்சி முறைக்கு 5 சதவீதத்துக்குள் இருப்பதைத் தேடுங்கள். தரம் குறைந்த மீன்தூளில் முள்ளும் செதிலும் நிறைய, அதனால் சாம்பலும் நிறைய. விலையில் மிச்சம் பிடித்ததைக் கசடாக அள்ளிக் கொட்டவேண்டியிருக்கும்.

மாவுச்சத்து வெந்ததா பச்சையா என்பது அடுத்தது. பச்சை மாவுச்சத்தைப் பெரும்பாலான மீன்கள் சரியாகச் செரிப்பதில்லை. டிரவுட், சால்மன் போன்ற ஊனுண்ணிகள் படுமோசம், கெண்டையும் திலேப்பியாவும் பரவாயில்லை. எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் நீராவியும் அழுத்தமும் கொடுத்துச் செய்த மிதவைத் தீவனத்தில் மாவுச்சத்து நன்றாக வெந்துவிடுகிறது. சாதாரண பெல்லெட் அச்சில் அழுத்திய மூழ்கும் தீவனத்தில் அப்படி இல்லை. மிதவையில் இன்னொரு வசதி, மிச்சம் கண்ணுக்குத் தெரியும். கலங்கல் தண்ணீரில் மூழ்கும் தீவனம் போடுபவருக்கு மீன் எப்போது நிறுத்தியது என்றே தெரியாது.

சோயா புண்ணாக்கு பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள், இரண்டும் சரியே. சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் கொழுப்பெடுத்த சோயா புண்ணாக்கை அதிகம் சேர்த்தால் பின்குடல் அழற்சி வந்து மலம் இளகிவிடும், அதிலுள்ள சபோனின் என்ற பொருள் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. மேலும் சுத்திகரித்துப் புரதத்தைக் கூட்டிய சோயா புரதச் செறிவில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. திலேப்பியாவும் கெண்டையும் புண்ணாக்கை நன்றாகவே தாங்கும். டிரவுட் வளர்ப்பவர் சொன்ன அறிவுரையை அப்படியே திலேப்பியாவுக்கு எடுத்துக்கொள்ளவேண்டாம்.

இதே கதைதான் மலத்தைக் கெட்டியாக்கத் தீவனத்தில் சேர்க்கும் பிணைப்பான்களிலும். டிரவுட் தீவனத்தில் குவார் கம் எனப்படும் கொத்தவரைப் பிசினைக் கிலோவுக்கு 3 கிராம் அளவில் சேர்த்தால் மலம் கெட்டிப்பட்டு டிரம் ஃபில்டரில் நன்றாகச் சிக்கும். இதை வாசித்துவிட்டுத் திலேப்பியாவுக்கும் கொட்டிவிடக்கூடாது. கரையும் பிசின் மிகுந்தால் திலேப்பியாவின் குடலுக்குள் பாகு கூடி, செரிமானமும் வளர்ச்சியும் விழும். கரையாத நாரான செல்லுலோஸ் அந்த அளவுக்குக் கெடுக்காது, மலத்தைப் பிடித்தும் வைக்கும். ஆனால் நார் சேர்த்தால் மொத்தக் கழிவின் எடை கூடும். என் கருத்தில், திலேப்பியாவுக்குப் பிணைப்பான் தேடுவதைவிட நன்றாக வெந்த தீவனத்தைத் தேடுவதே மேல். அதன் மலம் இயல்பாகவே சளி உறைக்குள் நீண்ட இழையாக வரும். அந்த உறை கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபைட்டேஸ் நொதி பற்றியும் சொல்லவேண்டும். தானியம், புண்ணாக்குகளில் உள்ள பாஸ்பரஸில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. மீனுக்கு அது கிடைக்காது, மலத்தோடு போகும். கிலோ தீவனத்துக்கு 500 முதல் 1000 அலகு ஃபைட்டேஸ் சேர்த்தால் நல்ல பகுதி விடுபடும். இரண்டு இடத்தில் தவறு நடக்கும். எக்ஸ்ட்ரூடர் சூட்டில் நொதி செத்துவிடும், ஆகவே தீவனம் ஆறியபின் எண்ணெயோடு தெளிக்கவேண்டும். வழக்கமான ஃபைட்டேஸ் அமிலச் சூழலில் வேலை செய்வது. வயிறே இல்லாத கெண்டைக்கு அதன் பலன் மட்டு, அமிலம் சுரக்கும் வயிறுள்ள திலேப்பியாவுக்கு நன்றாகவே உதவும்.

நல்ல தீவனத்தையும் தவறாகப் போட்டால் கெட்ட தீவனம்தான். ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்தால் உணவு குடலில் வேகமாக ஓடிவிடும், செரிப்பது குறையும். அதே 4.5 கிலோவை மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள், மீன் முழுதாக அடங்குவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மேலே மிதக்கும் குருணைகளை வலையால் அள்ளி எண்ணிப் பாருங்கள். ஐந்து சதவீதம் வீணானால் அது தினம் 200 கிராம் உலர் கழிவு, நல்ல தீவனம் வாங்கிச் சேமித்ததில் பாதி அங்கேயே போயிற்று. கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் நேரத்தில் தீவனம் போடாதீர்கள். தின்றாலும் சரியாகச் செரிக்காது.

எதை மாற்றவேண்டும் என்று தெரிய, மலத்தையே பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. தீவனம் போட்டுச் சில மணி நேரம் கழித்து, மெல்லிய குழாயால் சைஃபன் வைத்து அடியிலிருந்து ஒரு லிட்டர் எடுங்கள். பம்ப் வைத்து எடுத்தால் சோதனையே பாழ். கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு விரல்கணு நீளமாவது இருக்கும் இழைகள், மேலே பளபளப்பான மெல்லிய உறை, மேல் தண்ணீர் தெளிவு: தீவனம் சரி, கோளாறு தொட்டியில். இழை உண்டு, ஆனால் அதற்குள் உமித்துணுக்கும் தானியப் பொருக்கும் தெரிகிறது: அரைத்ததும் வேகவைத்ததும் போதவில்லை. இழையே இல்லாமல் சாம்பல் நிறக் கூழ்: குடல் கோளாறு, ஒட்டுண்ணி, அல்லது மீனுக்கு ஒவ்வாத மூலப்பொருள். மேலே எண்ணெய்த் துளி மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். உருக்குலையாத குருணை கிடந்தால் அது மலமே அல்ல, வீணான தீவனம். பிறகு குவளையை மூடிப் பத்துமுறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். இழைகள் மீண்டும் அரைமணி நேரத்தில் படிந்து மேல்நீர் தெளிந்தால் உங்கள் டிரம் ஃபில்டர் அதைப் பிடிக்கும்.

கோளாறு தொட்டியில் என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. நடுவில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டிருப்பார்கள், படியவேண்டிய மலத்தை அது கடைந்துவிடும். ஏர் ஸ்டோனை ஓரத்துக்கோ தனி அறைக்கோ மாற்றுங்கள். அடுத்து, ஃபில்டருக்கு முன்னால் பம்ப். பம்ப் இறக்கை மலத்தைப் பொடியாக்கியபின் எந்த வலையாலும் பயனில்லை. தொட்டியிலிருந்து ஃபில்டர் வரை தண்ணீர் தானாக வழிந்தோட வேண்டும், பம்ப் அதற்கு அப்பால். மூன்றாவது, சுழற்சி வேகம். வட்டத் தொட்டி தன்னைத்தானே கூட்டிக்கொள்ள ஓரத்தில் நொடிக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் வேகம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழமும் மூன்றரை மீட்டர் விட்டமும் உள்ள உங்கள் அளவுத் தொட்டியில் ஓரமாக ஒரு சுற்று சுமார் 11 மீட்டர். மிதக்கும் மூடி ஒன்றைப் போட்டு நேரம் பாருங்கள், 37 முதல் 75 நொடிக்குள் ஒரு சுற்று வரவேண்டும். இரண்டு நிமிடம் எடுத்தால் உள்ளே வரும் நீரின் குழாயைச் சரித்துத் திருப்புங்கள். இரட்டை வடிகால் வைக்க முடிந்தால் நடு அடியிலிருந்து 10 முதல் 20 சதவீத நீரை மட்டும் எடுத்துக் கசடு பிரிப்பானுக்கு விடுங்கள், மீதி பக்கவாட்டில் போகட்டும். படியும் கழிவில் பெரும்பகுதி அந்தச் சிறிய ஓட்டத்தில் வந்துவிடும்.

இப்போது இனம். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன: எந்த மீனை வளர்ப்பது, எதைத் துணைக்கு விடுவது.

வளர்க்கும் மீனைப் பொறுத்து மலத்தின் குணம் மாறும். திலேப்பியாவுக்கு உறையுள்ள இழை. இறாலுக்கும் உறையுள்ள இழை, ஆனால் மெல்லியது. டிரவுட்டுக்கு எளிதில் உடையும் கட்டி, ஆகவே நீண்ட ஓடைத் தொட்டிகளின் கடைசியில் மீன் நுழையாத அமைதிப் பகுதி ஒதுக்கி அங்கேயே படியவிட்டு அள்ளுவார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் மலம் இளகலானது, அடியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு புரளும் மீன் வேறு. அந்தத் தொட்டியில் தெளிந்த நீரை எதிர்பார்ப்பதே வீண், காற்றைச் சுவாசிப்பதால் அது தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். புல் கெண்டை தின்ற புல்லில் பாதிக்கு மேல் அரைகுறையாகச் செரித்து வெளியே விடும். மண் குளத்தில் அது உரம், தொட்டியில் தலைவலி.

துணை மீனுக்கு வருவோம். மலத்தை முக்கிய உணவாகக் கொண்டு செழிக்கும் வளர்ப்பு மீன் எதுவும் இல்லை. ஒருமுறை செரித்து முடித்த மிச்சத்தில் நாரும் சாம்பலும்தான் அதிகம். ஒரு கிலோ உலர் மலத்தில் பாதியைத் துணை மீன் தின்று, அதில் 30 சதவீதத்தைச் செரித்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 150 கிராம் குறைந்தது. மீதி 350 கிராம் முன்பைவிடப் பொடியாக வெளியே வந்தது. ஃபில்டர் பிடிக்கக்கூடியதைப் பிடிக்க முடியாததாக மாற்றியதுதான் மிச்சம். சாதாக் கெண்டையை விட்டால் அடியைக் கிளறி இழைகளையெல்லாம் உடைக்கும். டேங்க் க்ளீனர் என்று விற்கும் சக்கர் மீன் பாசியைச் சுரண்டும், மலத்தைத் தொடாது, தன் பங்குக்கு நீளநீளமாகக் கழிவு போடும். வெளி நீர்நிலைக்குத் தப்பினால் அங்கே பெருகி நாசம் செய்யும் இனம் அது. நன்னீர் இறாலைத் திலேப்பியாவோடு தொட்டியில் விட்டால் தோலுரிக்கும் நாளில் அது திலேப்பியாவுக்கு விருந்து.

மண் குளத்தில் நிலைமை வேறு. அங்கே மலம் நேராகத் தின்னப்படுவதில்லை. பாக்டீரியா அதை உடைக்கிறது, விடுபட்ட சத்தில் பாசி வளர்கிறது, பாசியை வெள்ளிக் கெண்டையும், விலங்கு மிதவையுயிரிகளைக் கட்லாவும், பாக்டீரியா ஏறிய மட்கை மிர்காலும் மடவையும் தின்கின்றன. வெயிலும் மண்ணும் பரப்பும் வேண்டிய வேலை இது. ஒரு ஹெக்டேர் குளம் செய்வதைப் பத்து கன மீட்டர் சிமென்ட் தொட்டியிடம் கேட்கமுடியாது. குளத்திலும் அடிமேயும் மீனை அளவாக விடவேண்டும். கொஞ்சம் இருந்தால் கிளறிச் சேற்றுக்குள் ஆக்ஸிஜன் புகவைக்கும், மிஞ்சினால் நீர் சேறாகிப் பாசிக்கு வெளிச்சமே கிடைக்காது.

கடலில் கூண்டு மீனுக்குக் கீழே கடல் அட்டை வளர்ப்பதும் இந்த வழியில் வந்ததே. கடல் அட்டை படிவை விழுங்கிச் செரிப்பது, உண்மையிலேயே மீன் மலம் கலந்த படிவில் வளரும். ஆனால் கூண்டுக்கு நேர் கீழே கசடு தடித்து ஆக்ஸிஜன் இல்லாமல் கறுத்துப்போன இடத்தில் அது செத்துவிடும், படிவு மெலிந்த ஓரத்தில்தான் பிழைக்கும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் சால்மனோடு சிப்பியும் கெல்ப் பாசியும் சேர்த்து வளர்த்தார்கள். அதில் கெல்ப் கரைந்த சத்தை எடுக்கிறது, திடக்கழிவைத் தொடுவதில்லை. சிப்பி நுண்துகளை வடிக்கிறது, கனமான மலம் அதைக் கடந்து கீழே போய்விடுகிறது. ஒவ்வோர் இனமும் ஒரு துகள் அளவுக்கு மட்டுமே பொருத்தம்.

தொட்டிக்காரர்களுக்குப் பயன்படும் வழி, துணை உயிரியை மீனோடு விடாமல் கசடு வெளியேறியபின் தனித் தொட்டியில் வைப்பது. ஹெடிஸ்டே போன்ற உவர்நீர்ப் புழுக்கள் மீன் கசடில் நன்றாக வளரும். அங்கே அது கிளறினாலும் மீனுக்குக் கேடில்லை. ஆனால் அறுவடையை எங்கே விற்பீர்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 767/2009 விதிமுறை மலத்தை விலங்குத் தீவனத்தில் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. புழுவைத் திரும்ப அதே மீனுக்குப் போடுவதில் நோய்ச் சுற்று உருவாகும் அபாயமும் உண்டு.

பயோஃப்ளாக் முறைக்கு மாறலாமா என்று கேட்பீர்கள். அதில் கழிவை அள்ளாமல் மாவுச்சத்து கொடுத்துப் பாக்டீரியாத் திரளாக மாற்றி மீனையே தின்னவைக்கிறோம். திலேப்பியாவுக்குப் பொருந்தும் முறைதான். படிவை அளக்கும் இம்ஹாஃப் கூம்புக் குவளையில் லிட்டருக்கு 25 முதல் 50 மில்லிவரை திரள் படியலாம், அதைத் தாண்டினால் அங்கேயும் அள்ளவேண்டும். இரவு பகலாகப் பலத்த காற்றோட்டம் வேண்டும், மின்சாரம் நின்றால் சிறிது நேரத்திலேயே மீன் சாகும். தெளிந்த நீர் ராஸ், பயோஃப்ளாக் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாதி அது, பாதி இது என்று நடத்தினால் இரண்டின் செலவும் வரும்.

உங்கள் இடத்தில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குவளைச் சோதனை, பிறகு ஏர் ஸ்டோன், பம்ப், சுழற்சி வேகம். இவை அதிகச் செலவில்லாதவை. அதன்பின் தீவன மாற்றம். புதுத் தீவனத்தை ஒரு வாரத்தில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் குடல் பழகும்வரை மலம் இளகித் தவறான முடிவுக்கு வருவீர்கள். அந்தச் சமயத்தில் பயோஃபில்டரைக் கழுவாதீர்கள். மாற்றி முடித்த இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு நாள் கசடு முழுவதையும் வாளியில் பிடித்து, ஒரு லிட்டரை ஆவியாக்கி உலர்த்தி எடை போட்டு, அன்றைய தீவனத்தோடு வகுத்துப் பாருங்கள். பழைய தீவனத்துக்கும் இதே கணக்கை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே இன்றிருக்கும் மூட்டை தீர்வதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.